கோட்டையில் கிளம்பும் 10 சதவீதம் ஊராட்சிக்கு வந்து சேரும்போது எவ்வளவு? மாநில நிதி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம்.

2027–28 முதலான ஐந்து ஆண்டுகளுக்குத் தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு பணம், எந்தக் கணக்கில், என்ன நிபந்தனையோடு போக வேண்டும் என்பதற்கான பரிந்துரை உங்கள் கையில் இருக்கிறது. வரும் மனுக்களில் பாதிக்கு மேல் ஒரே எண்ணைச் சுற்றித்தான் இருக்கும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 8 சதவீதத்தில் தொடங்கிய பகிர்வு 10-இல் வந்து நின்றுவிட்டது, அதை 12 ஆக்குங்கள், 15 ஆக்குங்கள் என்பார்கள். நியாயமான கோரிக்கைதான். 2024 நவம்பரில் ஒன்றிய அரசின் 16ஆவது நிதி ஆணையம் சென்னை வந்தபோது, ஒன்றிய வரிகளில் மாநிலங்களின் பங்கை 41-லிருந்து 50 சதவீதமாக உயர்த்துங்கள் என்று நம் அரசு கேட்டது. செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் டெல்லி வசூலிப்பது பகிர்வுக்கே வராமல் போகிறது என்றும் முறையிட்டது. அதே முறையீட்டை ஒரு படி கீழே நின்று ஊராட்சி சொல்லும்போது கோட்டைக்குக் காது கேட்பதில்லை.

ஆனாலும் இந்த மடலில் நாங்கள் அந்த எண்ணுக்காக வாதாட வரவில்லை. கோட்டையில் கிளம்பும் 10 சதவீதம், ஊராட்சி மன்றம் தானே கூடி முடிவெடுத்துச் செலவு செய்யக்கூடிய பணமாக மாறும்போது எவ்வளவாகக் குறைகிறது என்பதுதான் எங்கள் பேச்சு. வழியில் உள்ள ஓட்டைகளை அடைக்காமல் 10-ஐ 12 ஆக்கினால், கூடுதலாக வரும் 2-ம் அதே வழியில்தான் ஒழுகும்.

முதல் ஓட்டை மேலேயே இருக்கிறது. நிலம் கைமாறும்போது கட்டும் 7 சதவீதத் தீர்வையில் 5 முத்திரைத் தீர்வை, 2 உள்ளாட்சிக்கான கூடுதல் தீர்வை. இந்த 2 சதவீதம் மாநில அரசின் தயவில் வரும் மானியம் கிடையாது, உள்ளாட்சிக்கு உரிய வருவாய். ஊரகப் பகுதியில் இதை மாநில அளவில் ஒன்றாகத் திரட்டி, அதில் ஒரு பங்கைத் 'திட்டக் கூறு' என்று தனியே எடுத்து வைக்கிறார்கள். எஸ்.சி.பி.ஏ.ஆர். என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். மாவட்டத்திலிருந்து முன்மொழிவு போகும், மேலிருந்து அனுமதி வரும், சாலையாகவோ பாலமாகவோ இறங்கும். திரட்டுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஊராட்சியில் ஒரு மாதம் பதிவாகும் பத்திரத்தின் மதிப்பு, ராமநாதபுரத்து உள்கிராமத்தில் பத்தாண்டு பதிவானாலும் வராது. பணக்கார ஊராட்சியின் பணத்தில் ஒரு பங்கு ஏழை ஊராட்சிக்குப் போகத்தான் வேண்டும். அப்படிப் போவது சூத்திரத்தின்படி போகட்டும். எந்த ஊருக்கு எந்தப் பாலம் என்று மேலே உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும் உரிமை அந்தப் பணத்தோடு சேர்ந்து வரக்கூடாது. பகிர்வுத் தொகையிலிருந்து மூலதனப் பணிக்கென மாநில அளவில் பிடித்துவைக்கும் நிதிக்கும் இதே சொல்தான். பிடிக்கலாம் என்றால், அதிகபட்சம் எத்தனை சதவீதம் என்று ஒரு உச்சவரம்பை எழுதுங்கள். வரம்பில்லாத பிடிமானம் ஆண்டுக்காண்டு வளரும்.

இரண்டாவது, மின் கட்டணம். எங்களைக் கேட்டால் ஊராட்சி நிதியின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. அறிக்கைகளில் இது இரண்டு வரியில் முடிந்துவிடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கிராம ஊராட்சியின் கணக்குகளில் முதலாவது பொதுநிதி. வீட்டு வரி, தொழில் வரி, எஸ்.எஃப்.சி. மானியம் (மாநில நிதி ஆணையப் பரிந்துரையின்படி வரும் பகிர்வு) எல்லாம் இதில் விழும். இரண்டாவது கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டணம் கட்ட மட்டும். மூன்றாவது திட்ட நிதிக்கு. எஸ்.எஃப்.சி. தொகையில் ஒரு பங்கு நேராக இரண்டாம் கணக்குக்குப் போய்விடும், அதை வேறெதற்கும் தொட முடியாது.

ஒரு நடுத்தர ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். நான்கு ஆழ்துளைக் கிணறு, ஒவ்வொன்றிலும் 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், 200 தெருவிளக்கு. இந்த மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 7 யூனிட் இழுக்கும். நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் மாதம் 1,470 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலே ஒரு மோட்டாருக்கு மாதம் 11,760 ரூபாய், நான்குக்கும் ஆண்டுக்கு 5,64,480. தெருவிளக்குகள் எல்லாம் 20 வாட் எல்.இ.டி. என்றும் இரவு பதினொரு மணி நேரம் எரிகின்றன என்றும் கொண்டால் ஆண்டுக்கு இன்னும் 1,26,720. ஆக ஏறக்குறைய 6 லட்சத்து 91 ஆயிரம். அதே ஊராட்சியில் 900 வீடு, வீட்டுக்குச் சராசரி 200 ரூபாய் வரி, ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் வசூலாகிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். கற்பனைதான், அப்படி எங்கும் நடப்பதில்லை. அப்போதும் 1,80,000 தான் வரும். மின் கட்டணத்தின் கால் பங்குக்குச் சற்று மேல். தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர், ஊராட்சிச் செயலர் ஆகியோரின் ஊதியம் இதில் சேரவில்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு வாரியத்துக்குக் கட்டுவதும் சேரவில்லை.

மின் கட்டணத்தை உயர்த்துவது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பகிர்வைத் தீர்மானிப்பது அரசு. இந்த இரண்டு முடிவுக்கும் நடுவில் நிற்கும் ஊராட்சிக்கு எதிலும் குரல் இல்லை. கட்டணம் உயரும் ஆண்டில் இரண்டாம் கணக்கு வறளும், பாக்கி ஏறும், அந்தப் பாக்கியை ஈடுகட்ட முதல் கணக்கில் கைவைப்பார்கள். அப்போது வெட்டுப்படுவது வடிகால் தூர்வாரலும் பொதுக் கழிப்பறைப் பராமரிப்பும்தான். எனவே எங்கள் கோரிக்கை இது: குடிநீர், தெருவிளக்குக்கான மின் செலவைப் பகிர்வுத் தொகையிலிருந்து தனியே பிரியுங்கள். கட்டணம் எத்தனை சதவீதம் உயர்கிறதோ, அதே சதவீதம் அந்தத் தொகையும் அதே மாதத்திலிருந்து உயர வேண்டும் என்று எழுதுங்கள்.

அதோடு ஒரு முறை மட்டும் தர வேண்டிய சிறு மூலதனச் செலவு ஒன்றும் இருக்கிறது. தொட்டி நிறைந்து வழிந்த பிறகும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடுவது எல்லா ஊரிலும் காணக்கூடிய காட்சி. இயக்குபவர் ஒருவர், மோட்டார் நான்கு, அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு சைக்கிள் மிதித்துப் போய்த்தான் நிறுத்த வேண்டும். மேற்சொன்ன கணக்கில் அந்த ஒரு மணி நேரத்துக்கான விரயம் மாதம் 6,720 ரூபாய், ஆண்டுக்கு 80,000 ரூபாய்க்கு மேல். தொட்டியில் நீர்மட்டம் பார்த்துத் தானே நிறுத்தும் அமைப்பு, கோடையில் கிணறு வற்றும்போது மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடுவதைத் தடுக்கும் அமைப்பு, ஒரு ஃபேஸ் போனால் துண்டிக்கும் பிரிவென்டர், விளக்குகளுக்கு டைமர். இவை புதிய கண்டுபிடிப்புகள் இல்லை. வாங்கிப் பொருத்தச் சொந்தமாக ஒரு தொகை இல்லை என்பதுதான் தடை.

காயில் எரிந்துவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். முக்காலி கட்டிக் குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்து, பட்டறையில் காயில் கட்டி, திரும்ப இறக்க இரண்டு நாள் போதும். ஆனால் மன்றத் தீர்மானம், ஊராட்சி ஒன்றிய மேற்பார்வையாளரின் மதிப்பீடு, வேலை முடிந்தபின் அளவுப் புத்தகப் பதிவு, பிறகு ஆன்லைனில் பட்டறைக்காரர் கணக்குக்குப் பணம் என்று வரிசையாகப் போக வேண்டும். பழைய பில்லே நின்றுகொண்டிருக்கும்போது பட்டறைக்காரர் அடுத்த மோட்டாரைத் தொட மாட்டார். ஊரில் காலிக் குடத்தோடு மறியல் வரும். தலைவர் சொந்தப் பணத்தைக் கொடுத்து வேலையை முடித்துவிட்டு, பின்னால் பில்லைச் சரிக்கட்டுவார். தணிக்கையில் அது ஆட்சேபணையாக எழுதப்படும். காசுள்ளவர் மட்டுமே தலைவராக இருக்க முடியும் என்ற நிலைமையை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஊராட்சிக்கும் அவசரப் பழுதுக்கென்று 25,000 ரூபாய் நிரந்தர முன்பணம், மாதந்தோறும் ரசீது காட்டி ஈடுசெய்துகொள்ளும் ஏற்பாடு, ரசீதுகளை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனை. இது போதும்.

ஒன்றிய அரசின் நிதி ஆணைய மானியத்தைப் பற்றி நீங்கள் முடிவெடுக்க முடியாது. ஆனால் அது கட்டியிருக்கும் கயிற்றைப் பார்த்துத்தான் உங்கள் பங்கை வடிவமைக்க வேண்டும். 2021–26 காலத்துக்கு 15ஆவது நிதி ஆணையம் நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 60 சதவீதம் குடிநீர், தூய்மைப் பணிகளோடு கட்டப்பட்டது. மீதி 40 கட்டற்றது என்று பெயர், அதிலும் ஊதியத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது. ஆக, ஊதியம் கொடுக்கவும், பெயர்ந்த நூலகக் கூரையை மாற்றவும், சுடுகாட்டுப் பாதைக்கு மண் கொட்டவும் ஊராட்சிக்கு மிஞ்சுவது எஸ்.எஃப்.சி.யும் சொந்த வரியும்தான். மாநில அரசும் தன் பங்குக்கு நிபந்தனை போட்டால் எதிர்பாராத செலவுக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. கட்டில்லாமல் வர வேண்டிய பணம் ஒன்று உண்டென்றால் அது உங்களுடையதுதான்.

அந்த மானியத்திலிருந்து கற்க வேண்டிய நல்லதும் ஒன்று உண்டு. டெல்லியிலிருந்து பணம் வந்த 10 வேலை நாளுக்குள் மாநிலம் உள்ளாட்சிக்கு அனுப்ப வேண்டும், தாமதமானால் வட்டியோடு கொடுக்க வேண்டும். மாநிலம் தன் சொந்தப் பகிர்வுக்கு இந்த விதியை ஏன் போட்டுக்கொள்ளவில்லை? மாதத்தின் இத்தனையாம் தேதி, தவறினால் வட்டி என்று நீங்கள் எழுதினால், தொகையில் ஒரு ரூபாய் கூட்டாமலேயே ஊராட்சியின் நிலைமை மாறும்.

அடுத்தது திட்டமிடல். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று ஆண்டுதோறும் கிராம சபையில் வைத்து, ஒப்புதல் வாங்கி, ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏற்றுகிறோம். அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று தெரியாமலே ஏற்றுகிறோம். எனவே ஊர் கேட்டதையெல்லாம் எழுதுவது, அல்லது போன ஆண்டுப் பட்டியலைப் பெயர் மாற்றி ஏற்றுவது, இரண்டில் ஒன்று நடக்கும். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். எல்லாரும் அந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்களுடைய பட்ஜெட்டோடு வரும் நான்காம் பின்னிணைப்பு. ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் வரும் ஆண்டில் எவ்வளவு என்று பெயர் வாரியாக அதில் அச்சாகிறது. சட்டமன்றத்தில் வைத்த தாளில் ஊர்ப்பெயரும் தொகையும் இருந்தால், நடுவில் யாரும் அதைத் திருப்பிவிட முடியாது, வார்டு உறுப்பினர்கூட எண்ணைக் காட்டிக் கேட்கலாம். தமிழ்நாட்டின் 12,000-க்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் இப்படி ஒரு பின்னிணைப்பு அச்சிடப் பெரிய செலவாகாது. உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு பரிந்துரைதான் ஏற்கப்படும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

சூத்திரத்தில் ஒரு சிக்கல். இன்றும் 2011 மக்கள்தொகைதான் அடிப்படை. சென்னை, கோவை, ஓசூர் ஓரத்து ஊராட்சிகள் அதற்குப் பின் எப்படி வீங்கியிருக்கின்றன என்று சொல்லத் தேவையில்லை. குப்பையும் தண்ணீர்த் தேவையும் பெருகிய ஊராட்சிக்கு இன்னமும் பழைய தலைக்கணக்கில்தான் பணம். 2027 கணக்கெடுப்பின் முடிவுகள் உங்கள் ஐந்தாண்டுக் காலத்தின் நடுவில் வந்து சேரலாம். வந்த அடுத்த நிதியாண்டிலிருந்து புதிய எண்ணுக்குத் தானாக மாற வேண்டும் என்ற வாசகம் இப்போதே அறிக்கையில் இருந்தால்தான் நடக்கும். அப்படி மாறும்போது ஆள் குறைந்த ஊராட்சிகளின் தொகை சட்டென்று சரியாமல் இருக்கக் குறைந்தபட்ச மானியத்தை உயர்த்த வேண்டும். மலைக் கிராமத்தில் 300 பேருக்கும் 3,000 பேருக்கும் குழாய் போடும் தூரம் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

சொந்த வருவாயைப் பற்றி எப்போதும் ஒரு உபதேசம் வரும்: ஊராட்சிகள் வரி வசூலிப்பதில்லை, அதனால்தான் ஏழையாக இருக்கின்றன. பாதி உண்மை. வரி விதிக்கப்படாத வீடுகள் ஏராளம் இருக்கின்றன. மின் இணைப்புப் பட்டியலையும், யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதிய கேட்புப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே விடுபட்டவை தெரிந்துவிடும். மின்வாரியம் அந்தப் பட்டியலை ஆண்டுக்கொரு முறை ஊராட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஆணை போதும். மறுபாதி, ஊராட்சியின் கையில் இல்லாதது. தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவில் 1988-இல் எழுதப்பட்டது. 14ஆவது நிதி ஆணையம் 12,000 என்றும், 15ஆவது 18,000 என்றும் உயர்த்தச் சொல்லியும் அப்படியே நிற்கிறது.

வசூலுக்கு ஊக்கத்தொகை தரும் யோசனை உங்களிடமும் வரும். அதன் வடிவத்தில் கவனம் தேவை. கேட்புத் தொகையில் எத்தனை சதவீதம் வசூல் என்பதை அளவுகோலாக்கினால், கேட்பைச் சுருக்கிவிடுவார்கள். புது வீடுகள் பதிவேட்டுக்கே வராது, வசூல் 100 சதவீதம் என்று பளபளக்கும். மொத்த வசூலை அளவுகோலாக்கினால் கம்பெனி உள்ள ஊராட்சியே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். ஊராட்சி தன்னுடைய மூன்றாண்டுச் சராசரியைவிட எவ்வளவு கூடுதலாக வசூலித்ததோ, அந்தக் கூடுதலுக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று கொடுங்கள், மேல்வரம்பு வைத்துக் கொடுங்கள்.

கையெழுத்தைப் பற்றி. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்பது நம் சட்டம். காசோலை போய் டிஜிட்டல் கையெழுத்து வந்த பிறகும் இரண்டு சாவிதான். முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆனால் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கோ பெண்ணுக்கோ ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஆதிக்க சாதியிலிருந்து வரும் துணைத் தலைவர் சாவியைத் தராமல் வைத்திருப்பதுதான் தலைவரை மண்டியிட வைக்கும் எளிய வழியாகியிருக்கிறது. நிதி அதிகாரம் என்று எழுதும் எந்த அறிக்கையும் இதைத் தாண்டிப் போக முடியாது. மன்றத் தீர்மானம் நிறைவேறிய செலவுக்கு 7 நாளுக்குள் எழுத்தில் காரணம் சொல்லாமல் ஒப்பம் மறுக்கப்பட்டால், மூன்றாவதாக ஒரு உறுப்பினரை மன்றமே நியமித்துக்கொள்ளலாம் என்று சட்டத் திருத்தம் பரிந்துரையுங்கள்.

தேர்தல் நடத்துவது உங்கள் வேலை இல்லை. ஆனால் தேர்தல் நடக்காத காலத்தின் பணம் உங்கள் வேலை. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாமல் ஒன்றிய அரசின் மானியம் நிறுத்திவைக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதி 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோதும் மன்றங்களின் இடத்தில் அரசு அமர்த்திய தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். மாநிலத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்குச் சராசரி 30-க்கு மேற்பட்ட ஊராட்சி. ஒரு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அத்தனை ஊராட்சிக்கும் தலைவர், மன்றம் இரண்டுமாகவும் இருப்பது எப்படி என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள், மனம் விட்டுப் பேசுவார். மன்றம் இல்லாத காலத்தில் வரும் பகிர்வில், ஊதியம், மின்சாரம், குடிநீர், தூய்மை தவிர்த்த மீதி அந்தந்த ஊராட்சியின் பெயரிலேயே வட்டியோடு காத்திருக்க வேண்டும். அடுத்த மன்றம் வந்து அதைத் தீர்மானிக்கட்டும். தேர்தலைத் தள்ளிப்போடுவதில் கிடைக்கும் லாபமும் அப்போது குறையும்.

உங்கள் அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கும்போது, ஒவ்வொரு பரிந்துரை மீதும் எடுத்த நடவடிக்கையை விளக்கும் குறிப்பும் கூடவே வைக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243-I பிரிவு. 'ஏற்கப்படவில்லை' என்ற ஒற்றைச் சொல்லை விளக்கமாகக் கொள்ள முடியாதபடி, ஒவ்வொன்றுக்கும் செலவுக் கணக்கையும் செயல்படுத்தும் துறையையும் தேதியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, நேரில் ஆய்வுக்கு வரும்போது மாவட்ட நிர்வாகம் உங்களை விருது வாங்கிய ஊராட்சிக்கு அழைத்துப் போகும். போய்வாருங்கள். திரும்பும் வழியில், பட்டியலில் இல்லாத ஏதாவது ஓர் ஊராட்சி அலுவலகத்தில் வண்டியை நிறுத்துங்கள். இரண்டாம் கணக்கின் பாஸ்புத்தகத்தைக் கேளுங்கள். கடைசி மூன்று மோட்டார் பழுதுக்கான வவுச்சர்களைக் கேட்டு, மோட்டார் எரிந்த தேதியையும் பட்டறைக்குப் பணம் போன தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியே வந்து மேல்நிலைத் தொட்டியின் தூணைப் பாருங்கள், கடைசியாகத் தொட்டி கழுவிய தேதி பெயின்டில் எழுதியிருக்கும். 30,000 லிட்டர் தொட்டிக்கு ஒரு முறை நிரப்ப 120 கிராம் பிளீச்சிங் பவுடர் வேண்டும், நாளுக்கு இரண்டு முறை நிரப்பினால் மாதம் 7 கிலோவுக்குச் சற்று மேல். கடைசி மூட்டை எப்போது வாங்கினார்கள் என்று தொட்டி இயக்குபவரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஊராட்சிக் கணக்குகளோடு அன்றாடம் மல்லுக்கட்டும் சிலர்